ஏழு வகுத்தல் இரண்டு

2008 டிசம்பரில் பைத்தான் என்ற நிரல்மொழியின் புதிய பதிப்பான பைத்தான் 3 வெளிவந்தபோது, பழைய நிரல்கள் பலவும் ஓடவே மறுத்தன. திரையில் எதையாவது காட்ட 'பிரிண்ட்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, வேண்டியதைப் போட்டால் போதும் என்றிருந்த காலம் போய், அடைப்புக்குறி கட்டாயமானது.

பழைய நிரல்களைப் புதிய பதிப்புக்கு மாற்றித் தருவதற்கென்றே மொழியோடு 'டூ டு த்ரீ' என்ற கருவியும் வந்தது. அது வெறுமனே சொல்லைத் தேடி மாற்றுவதில்லை. நிரலை இலக்கண மரமாகப் பிரித்து, மாற வேண்டிய கிளையை மட்டும் மாற்றும். எழுதியவரின் குறிப்புகளையும் இடைவெளிகளையும் தொடாது.

பழைய பதிப்பின் 'இன்புட்' கட்டளை, பயனர் தட்டியதை நிரலாகவே எண்ணி இயக்கிவிடும். ஆபத்தான பழக்கம்தான். கருவியோ புதிய 'இன்புட்'டை எழுத்தை நிரலாக இயக்கும் 'இவால்' என்ற உறைக்குள் போட்டு, அதே ஆபத்தை விசுவாசமாகக் காப்பாற்றித் தந்தது!

வகுத்தலிலோ கருவி கையை விரித்துவிட்டது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையதில் 3, புதியதில் 3.5. எழுதியவர் எதை மனத்தில் வைத்திருந்தார் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அதையெல்லாம் மனிதர்கள்தான் வரிவரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. இப்படி மாற்றம் இழுபட்டதில், 2015இல் முடிவதாக இருந்த பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 வரை நீண்டது. கருவியை 2024இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.