ஐந்து நிமிடம் சும்மா

இரத்த அழுத்தத்துக்கு வீட்டிலேயே கவனிப்பு என்கிறோம். வீடு என்றால் அங்கே யார்? பெரும்பாலும் ஒரு பெண். அவளுக்கே அழுத்தம் இருந்தால், அவளைக் கவனிப்பது யாருடைய கடமை?

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். இராஜபாளையம் பஞ்சாலையிலோ, பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியிலோ உழைக்கும் பெண்ணுக்கு, மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போகும். கூலியா மாத்திரையா என்றால் முதலில் நிற்பது மாத்திரைதான். அதனால் இந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். என் கேள்வி வாசலுக்கு உள்ளே இருக்கிறது.

அழுத்தம் பார்ப்பதற்கு முறை உண்டு. அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. உடலை வருத்தும் வேலை செய்திருக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அத்தையிடம் தன்னார்வலர் சொன்னார்: "அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்கம்மா." அத்தை சிரித்தார்: "அடுப்புல பால் இருக்கு தாயி." வேலைக்குப் போகாத பெண்ணை 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்று சொல்லும் ஊரில், அவளால் சும்மா உட்கார முடிவதில்லை.

மாமாவுக்கு அழுத்தம் என்றதும் உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு வந்தது. அத்தைக்கும் வந்தபோது மூன்றாவது சட்டி வரவில்லை. பிள்ளைகளுக்கு வைத்ததில் மீந்ததை அவர் சாப்பிட்டார். ஆனால் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்கள் எல்லோருக்கும்தான். ஒரே சட்டியில் எல்லோருக்குமாக உப்பைக் குறைத்திருக்கலாம். மற்றவர்களின் நாக்கு மாறாமலிருக்க, அத்தையின் கை இரண்டு முறை சமைத்தது.

அரசியல் சிந்தனையாளர் ஜோன் ட்ரோன்டோ, கவனிப்புக்குப் பொறுப்பேற்பதையும் கவனிப்பைக் கையால் செய்வதையும் பிரித்துக் காட்டினார். முதலாவது அதிகாரம் உள்ளவர்களிடமும், இரண்டாவது அது இல்லாதவர்களிடமும் போய்ச் சேர்கிறது என்றார். கதவைத் தட்டும் பெண்ணையே பாருங்கள். அவர் பெயர் தன்னார்வலர், வாங்குவது ஊக்கத்தொகை. வாசலுக்கு உள்ளே இருப்பவளின் உழைப்புக்குப் பெயர் அன்பு.

அன்புக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். கணக்குப் பார்க்காத அன்பில் கொடுப்பவள் எப்போதும் ஒருத்தியாகவே இருக்கிறாள். தன்னார்வலரின் வேலையை வேலை என்றே அழைத்து, அதற்குரிய சம்பளத்தை அரசு தரட்டும். வீட்டில் அந்த ஐந்து நிமிடத்துக்கு அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். பால் பொங்கினால் அணைக்க மாமாவுக்கும் தெரியும்.