வழியும் ஊரும்: ஊர்விட்டு ஊர் பாடுவோரின் துறவு

ஊர்விட்டு ஊர் சென்று பாடுகிறவனின் அலைச்சல் துறவாகுமா என்பது பக்தி மரபின் பழைய கேள்விகளுள் ஒன்று. வீட்டில் தங்காமல் திரிவதில் துறவியும் பாட்டுக்காரனும் ஒன்றுபோலவே இருக்கிறார்கள். ஆனால் துறவி பற்றை விட்டுத் திரிகிறான். பாட்டுக்காரன் சன்மானத்துக்கும் கைத்தட்டலுக்கும் திரிகிறான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாளடைவில் போகிற வழியே அவனுக்குப் பிடித்துப்போகிறது. நடையிலோ சைக்கிளிலோ போவதில் அவன் காணும் இன்பம் பற்றைக் குறைக்கிறதா, அல்லது அதுவே புதிய பற்றா? தூத்துக்குடி முத்துக்குளித்துறைக் கரையில் பாடித் திரிந்தவர்கள் பல சமயத்தவர். இந்தக் கேள்விக்கு அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து பல விடைகள் கிடைக்கின்றன.

புராணங்களில் ஊர் சுற்றும் இசைக்காரர் நாரதர். தட்சனுடைய பிள்ளைகளை அவர் துறவின் பக்கம் திருப்பிவிட்டதும், எங்கும் நிலைத்துத் தங்க இடமின்றி அலைய வேண்டும் என்று தட்சன் சபித்ததும் பாகவதத்தின் ஆறாம் கந்தத்தில் வருகின்றன. பதிலுக்குச் சபிக்க வல்லவராக இருந்தும் நாரதர் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். வைதவன் தண்டனையாகக் கொடுத்த அலைச்சல், ஏற்றவருக்கு வாழ்க்கை முறையாகிவிடுகிறது. அலைச்சல் சாபமா வரமா என்பதை அலைகிறவனின் மனமே தீர்மானிக்கிறது என்பது இந்தக் கதை தரும் முதல் விடை.

அந்த நாரதரை நம் காலத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோனது தமிழ் நாடக மேடை. அதற்குப் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்பளத்தில் கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார். எமனாகவும் சனீசுவரனாகவும் வேடம் கட்டி ஆடினார். பிறகு நடிப்பை விட்டுச் சில காலம் தலயாத்திரை செய்தார்; ‘சுவாமிகள்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் காவியோடு ஓரிடத்தில் அமர்ந்துவிடாமல் மீண்டும் மேடைக்கே திரும்பி ஆசிரியரானார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் தொடங்கினார். நாடகம் விட்டுத் துறவு, துறவு விட்டு நாடகம் என்று அவர் போய்வந்ததை ஊசலாட்டமாகப் பார்க்கத் தேவையில்லை. கம்பெனிகளோடு ஊர் மாறிக்கொண்டே இருந்த அந்த வாழ்க்கையில் சொந்தமென்று வைத்துக்கொள்ள வீடும் இல்லை, வீட்டுக்காரியமும் இல்லை. யாத்திரையில் பழகியதை அவர் தொழிலுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

அவருடைய பாடல்களை வைத்தே இன்றும் நடப்பது ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து கிளம்புவார்கள். பலர் முன்பின் சேர்ந்து நடித்தவர்கள்கூட இல்லை. ஒத்திகை கிடையாது. கோயில் கொடை நடக்கும் கிராமத்துக்கு இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்து, கிடைத்த திண்ணையில் அரிதாரம் பூசிக்கொண்டு, பத்து மணிவாக்கில் மேடையேறினால் விடியும்போது முடியும். ‘வள்ளி திருமணம்’ என்றால் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்கே கூட்டம் கண்விழித்துக் காத்திருக்கும். விடிந்ததும் வேடத்தைக் கலைத்து, பேசிய தொகையை வாங்கிக்கொண்டு, பெட்டியோடு முதல் பஸ்ஸுக்கு நிற்பார்கள். பகல் தூக்கம் பஸ்ஸில்தான். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் அடுத்தடுத்த இரவுகள் அடுத்தடுத்த ஊர்களில் கழியும். ஊரும் உறவும் இப்படித் தினந்தோறும் கைவிட்டுப் போனாலும் கூலிக் கணக்கும் பெயருக்கான போட்டியும் கூடவே பஸ் ஏறுகின்றன. வெறும் இடமாற்றம் பற்றை அறுப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது விடை ஊரைப் பற்றியது. இறை எங்கும் ஒன்று என்றால் ஊருக்கு ஊர் போய்த் தனித்தனியே பாட வேண்டிய தேவை என்ன? முத்துசுவாமி தீட்சிதர் அத்வைதி, ஸ்ரீவித்யை உபாசகர். திருவாரூரில் பிறந்து, சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் அங்கே இருந்து, பிறகு தென்னாட்டுத் தலங்கள் பலவற்றில் பாடினார். ஐம்பூதத் தலங்கள் ஐந்துக்கும் ஐந்து கிருதிகள் செய்தார். கடைசிக் காலத்தில் தம்பி பாலுஸ்வாமி அரசவை வித்துவானாக இருந்த எட்டயபுரத்துக்கு வந்து, 1835இல் அங்கேயே மறைந்தார். அவருடைய சமாதி இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருப்பது இப்படித்தான். அவருடைய கிருதிகளில் அந்தந்தத் தலத்தின் பெயர், தெய்வத்தின் பெயர், ராகத்தின் பெயர், சில இடங்களில் தலவரலாறும் இடம்பெறுகின்றன. குணங்களற்ற ஒன்றை மனத்தால் பற்ற முடியாது. ஊரும் உருவமும் பெற்றே அது பாட்டுக்குள் வர முடியும் என்ற நிலைப்பாடு இதற்குள் இருக்கிறது. இந்த நோக்கில் ஒவ்வோர் ஊரும் பாட்டை மாற்றுகிறது. எல்லா ஊரிலும் ஒரே பாட்டை ஒரே விதமாகப் பாடிவிட்டு வருகிறவன் எத்தனை தலங்களுக்குப் போனாலும் எந்தத் தலத்தையும் சேர்ந்தவனாவதில்லை.

மூன்றாவது விடை வழியைப் பற்றியது. தேவார மூவரில் இருவருடைய கதைகள் அதைச் சொல்கின்றன. முதுமையிலும் நடந்தவர் அப்பர். போன கோயிலிலெல்லாம் உழவாரத்தால் புல் செதுக்கிப் பிராகாரத்தைத் துப்புரவாக்கினார். சம்பந்தர் சிறு பிள்ளையாகத் தந்தையின் தோளில் போனவர். பிறகு பிஞ்சுக் கால்களால் நடக்கத் தொடங்கியபோது திருநெல்வாயில் அரத்துறையில் இறைவன் முத்துச் சிவிகையும் குடையும் சின்னங்களும் அளித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. நடந்தவருக்கே புண்ணியம் என்றால் சிவிகையில் போன சம்பந்தர் குறைந்தவராக வேண்டும். அப்படி யாரும் சொல்லவில்லை. திருப்பூந்துருத்தியில் அப்பர் சிவிகை தூக்குவோருள் ஒருவராகக் கலந்துகொண்டு தோள் கொடுக்கிறார். அப்பர் எங்கே என்று கேட்ட சம்பந்தர் விவரம் அறிந்ததும் பதறிக் கீழே இறங்கிவிடுகிறார். வாகனம் தவறன்று, தன்னைச் சுமக்கிறவர் யார் என்பதை மறப்பதே தவறு என்று அந்தக் காட்சி உணர்த்துகிறது.

இந்தக் கரையிலேயே நடந்து குரல் கொடுத்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணியடித்தபடி பரதவர் ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மனப்பாடம் செய்த மந்திரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதையும், ஓதி ஓதிக் குரலே எழாமல் போவதையும் அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். தாயிரா தட்டிப் பாடி வரும் பக்கீர்கள், குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்குக் காப்புக் கட்டி வேடமிட்டு மேளத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை திரட்டும் தசராக் குழுக்கள், திருச்செந்தூருக்குப் பாடிக்கொண்டே போகும் பாதயாத்திரைக்காரர்கள் எல்லாரும் வழியையே வழிபாட்டில் சேர்த்துக்கொண்டவர்கள். அவர்களுக்குப் போய்ச்சேர்ந்த பிறகு தொடங்குவதல்ல பூசை.

சைக்கிள் இந்த விவாதத்துக்குள் வருவது இங்கேதான். அது சிவிகையைப் போலச் சுமக்கிறது. ஆனால் ஏறியிருப்பவனே மிதித்தால்தான் நகரும். சுமப்பவனும் சுமக்கப்படுபவனும் அதில் ஒரே ஆள். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் நாற்பது கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகமில்லாத பாதை. சாயங்காலக் கச்சேரிக்குக் காலையில் கிளம்பினால் இளைப்பாறி மிதித்துப் போய்விடலாம். முதலில் இரு பக்கமும் உப்பளப் பாத்திகள், வரப்பில் குவித்த வெள்ளை அம்பாரங்கள். பழையகாயல் தாண்டி முக்காணி, ஆத்தூர்ப் பக்கம் போனால் தாமிரபரணித் தண்ணீரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வந்துவிடும்; காற்றே ஈரமாகும். ஆறுமுகநேரியில் மறுபடி உப்பு. காயல்பட்டினத்தில் பள்ளிவாசல்களைக் கடந்தால் கோயில் கோபுரம் தூரத்தில் தெரியத் தொடங்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று முகத்திலும் தோளிலும் மோத, மூச்சை அளந்து மிதிக்க வேண்டியிருக்கும். வேனில் தூங்கியபடி போகிறவனுக்குத் தூத்துக்குடியும் திருச்செந்தூரும் இரண்டு மேடைகள். மிதித்துப் போகிறவனுக்கு இடையே உள்ள அத்தனை ஊர்களும் சேர்ந்ததே பயணம்.

அவனுடைய கலையின் இலக்கணமும் இதையே சொல்கிறது. கர்நாடக சங்கீதத்தில் சுரத்தானங்களை வரிசையாகத் தொட்டுவிட்டால் ராகம் பிறந்துவிடாது. ஒரு சுரத்திலிருந்து மற்றதற்குப் போகிற அசைவிலும் வழுக்கலிலும்தான் அதன் உயிர் இருக்கிறது. பாலுஸ்வாமியின் பேரனும் சுவீகாரப் புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்கள் எனப்படும் இந்த அசைவுகளுக்குத் தனித்தனி அடையாளக் குறிகள் அமைத்தது அதனால்தான். இடைவழியைக் கவனிக்கப் பாட்டில் பழகியவன் பாதையிலும் அதைக் கவனிப்பதில் வியப்பில்லை. மேல்நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. ‘டாக்கிங் ஹெட்ஸ்’ குழுவின் பாடகர் டேவிட் பர்ன் கச்சேரிச் சுற்றுப்பயணங்களில் மடக்கு சைக்கிளைக் கூடவே கொண்டுபோய், பாடப்போன நகரங்களை அதில் சுற்றிப் பார்த்தார். அந்த அனுபவங்கள் 2009இல் புத்தகமாக வந்தன.

சைக்கிள் ஓட்டத் தெரிந்துவிட்டால் மட்டும் ஞானம் வந்துவிடாது என்பதற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களே சாட்சி. ஒரு காலத்தில் ஊர்ப் பொட்டலில் கம்பம் நட்டு, டியூப்லைட் கட்டி, ஒருவர் ஒரு வாரம்போல இரவும் பகலும் சைக்கிளிலேயே சுற்றுவார். கால் தரையில் படக் கூடாது. சாப்பாடு, குளியல், முகச்சவரம் எல்லாம் சைக்கிள் மேலேதான். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. ராத்திரி ரெக்கார்டு டான்ஸ். பார்க்க வந்தவர்கள் ரூபாய் நோட்டை அவர் சட்டையில் ஊக்கால் குத்திவிடுவார்கள். கடைசி நாள் வசூலோடு அந்தக் குழு அடுத்த ஊருக்குப் போகும். கோயில் பிராகாரத்தில் வலம் வருவதும் சுற்றுவதுதான். வலம் வருகிறவனின் கவனம் நடுவில் இருக்கும் கருவறையில் நிற்கிறது. பொட்டலில் சுற்றுகிறவருக்கு நடுவே இருப்பது விளக்குக் கம்பம். கூட்டத்தின் கவனமெல்லாம் அவர்மேல். வயிற்றுப்பாட்டுக்கான அந்த உழைப்பை யாரும் இழிவாகப் பேசிவிட முடியாது. ஆனால் உடல்வருத்தம் தானாகவே தவமாகிவிடாது என்பதை அது காட்டுகிறது.

இனி, வழியில் காணும் இன்பம் பற்றா என்ற கேள்வி. பற்று என்பது வைத்துக்கொள்ளவும் சேர்க்கவும் முயல்வது. புகழைச் சேர்க்கலாம், சன்மானத்தைச் சேர்க்கலாம், பட்டங்களைப் பெயருக்கு முன்னால் அடுக்கலாம். மிதிப்பதில் வரும் இன்பத்தைச் சேர்த்துவைக்க வழியில்லை. மிதி நின்றதும் அதுவும் நின்றுவிடும், மறுநாள் முதலிலிருந்து மிதிக்க வேண்டும். அந்த அளவில் அது பற்றுக்கு இடம் கொடுக்காத இன்பம். போன தூரத்தைக் கணக்கெழுதிப் பெருமை பேசத் தொடங்கினால், அல்லது போய்ச்சேரும் ஊரையும் அங்கே காத்திருப்பவர்களையும் சைக்கிளுக்காகவே அலட்சியம் செய்தால், அதுவும் சேர்த்துவைக்கும் பொருளாகிவிடும். யாத்திரை கெடுவதும் அப்போதுதான்.

ஆகவே ஊர் சுற்றிப் பாடுகிறவனின் அலைச்சல் துறவாவதற்கு மூன்று நிபந்தனைகளைச் சொல்லலாம். தனக்கு வாய்த்த அலைச்சலை நாரதரைப்போல முறையீடின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும். தீட்சிதர் செய்ததுபோல வந்து சேர்ந்த ஊர் தன் பாட்டை மாற்ற இடம்கொடுக்க வேண்டும். அப்பரைப்போலக் கூலியில்லாத வழிக்கும் தன் உடம்பின் பங்கைக் கொடுக்க வேண்டும். நடையோ சைக்கிளோ மூன்றாவதை எளிதாக்கும். முதல் இரண்டையும் அவை தந்துவிடா. மூன்றும் கூடியவனுக்குக் காவி தேவைப்படாது. மூன்றும் இல்லாதவன் எத்தனை ஊர் போய்வந்தாலும் பிழைப்புக்காக இடம் மாறியவனே.