அளவுகோலும் மனச்சாட்சியும்

வாசகரே, மழை எவ்வளவு பெய்தால் ஒரு குடும்பம் தன் வீட்டை விட்டு வெளியேற வேண்டும்? இக்கேள்விக்கு நம் நாட்டில் எழுத்திலேயே விடையுண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்துக்கு மூன்று படிகளை வகுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிரு. 100 என்றால் ஆயத்தமாகு. 150ஐத் தாண்டினால் வெளியேறு.

மருத்துவர், பொறியியலாளர், ஆசிரியர் என எத்தொழிலாருக்கும் இத்தகைய நெறிமுறைகள் உண்டு. இவை வெறும் காகிதம் என்பார் சிலர். நான் அவ்வாறு எண்ணவில்லை. நள்ளிரவில், தகரக் கூரை அதிரப் பெய்யும் மழையில், அச்சம் ஒருபுறமும் அசதி மறுபுறமும் இழுக்கையில் எவரால் நிதானமாக முடிவெடுக்க முடியும்? வெயிலடித்த ஒரு நாளில், விஷயமறிந்தவர்கள் கூடி நமக்காக முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவுதான் நெறிமுறை.

ஆயினும் அது தானாக எழுந்து நடந்து வராது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. அங்கே அபாயம் உண்டென்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2016 மே 17இல் நம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது; அதே நாளில் புளத்கொஹுபிட்டிய கலுபஹன தோட்டத்து லயமும் புதையுண்டது. இவற்றைக் கேட்டதும், ‘சொன்னால் கேட்கமாட்டார்களே’ என்று தோட்ட மக்களைக் குறை கூறுவது எளிது. குடியிருக்கும் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். தமக்கென்று ஒரு துண்டு நிலமில்லை. மலைக்குப் போகாத நாளுக்குப் பேரும் இல்லை. இவர்களை நோக்கி ‘வெளியேறு’ என்று சொல்வதோடு ஒருவரது கடமை முடிந்துவிடுமா?

புனித தோமஸ் அக்குவைனாஸ் ஓர் உதாரணம் காட்டுவார். முற்றுகையிடப்பட்ட நகரின் வாயில்களைத் திறக்கலாகாது என்று சட்டம். அந்நகரைக் காக்கும் வீரர்களே பகைவனால் துரத்தப்பட்டு வாயிலுக்கு ஓடிவந்தால் என்ன செய்வது? திறக்கத்தான் வேண்டும் என்கிறார் அவர். சட்டம் எதற்காகப் பிறந்ததோ, அந்த நோக்கமே அப்படிக் கேட்கிறது.

நம் மலைகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பெய்த மழை 110தான். ஆனால் லயத்துச் சுவரில் புது வெடிப்பு. நேற்று சாத்திய கதவு இன்று சாத்த மறுக்கிறது. ஊற்றே இல்லாத இடத்தில் கலங்கல் நீர் கசிகிறது. அப்போதும் 150 வரட்டும் என்று காத்திருப்பது கீழ்ப்படிவு ஆகாது. இனி மறுபக்கம். மழை 150ஐத் தாண்டிவிட்டது. ‘இதைவிடப் பெருமழையெல்லாம் கண்டவன் நான்’ என்று ஒரு துரை பிரட்டுக்களத்தில் ஆள் எடுக்கிறார். இருவருமே எழுத்தை மீறுகிறவர்கள்தானே என்று கேட்கலாம். இல்லை. முன்னவர் உயிருக்காக விதியை முந்துகிறார். பின்னவரோ கொழுந்துக்காக அதைத் தள்ளிவைக்கிறார்.

வெளியேறு என்பவர் எங்கே என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். தோட்டப் பாடசாலையா, பிள்ளைக் காம்பிராவா, கோவிலா? அந்த இடமாவது சரிவுக்குத் தப்பியதா என்று யாரேனும் பார்த்து வைத்திருக்கிறார்களா? நம் சிற்றாலயங்களையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கைக்குழந்தைகளும் கிழவிகளும் நனைந்து வந்து வாசலில் நிற்கையில், அதன் சாவி யாரிடம் இருக்கும்? அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கேட்டுப் பாருங்கள்.