சும்மா உட்கார ஓர் இடம்

"சும்மா" என்ற சொல்லை ஆணுக்கும் பெண்ணுக்கும் நாம் ஒரே பொருளில் சொல்வதில்லை. டீக்கடை பெஞ்சில் ஓர் ஆண் மாலை முழுக்க உட்கார்ந்திருந்தால் அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அதில் யாருக்கும் கேள்வி இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பதினொரு மணிக்குப் படுக்கும் பெண்ணைப் பற்றி, "வேலைக்கெல்லாம் போகல, வீட்டுல சும்மாதான் இருக்கா" என்கிறார்கள். சும்மா இருப்பதாகச் சொல்லப்படும் அந்தப் பெண்ணுக்கு, உண்மையிலேயே சும்மா இருக்க அரைமணி நேரம் கிடைத்தால் எங்கே போவாள்? ஷாப்பிங் மால்களைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

நம் ஊர்களில் பெண்கள் கூடும் இடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். குழாயடிக்குக் குடம், படித்துறைக்குத் துணி மூட்டை, ரேஷன் கடைக்கு அட்டை. திண்ணை ஆண்களுடையது. கோயில் பிராகாரம் ஒன்றுதான் விதிவிலக்கு. சாமி கும்பிட்டுவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதே மரபு. அந்த அனுமதியும் மாதத்தில் சில நாட்களுக்குக் கிடையாது. எந்தச் சாதிப் பெண் எந்தக் கோயிலுக்குள் போய் உட்காரலாம் என்பது தனிக் கதை.

சென்னையில், எரிந்துபோன பழைய ஸ்பென்சர் கட்டடம் இருந்த இடத்தில் 1991இல் ஸ்பென்சர் பிளாசா வந்தது. 2010இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது. பிறகு வடபழனி, வேளச்சேரி என்று வரிசையாக வந்தன. இவை எதற்காகக் கட்டப்பட்டன என்பதில் ஒளிவுமறைவு இல்லை. வாங்க வைக்கத்தான். ஆனால், கட்டியவர்கள் நினைத்த காரணத்துக்காக மட்டும் பெண்கள் அங்கே போவதில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவை நகர மையத்தில் இருக்கும் ஒரு மாலுக்கு அழைத்துப் போனேன். நல்ல கூட்டம். எஸ்கலேட்டரில் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லி லிஃப்டில்தான் ஏறினார். இரண்டாம் தளத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தவர், ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கீழே போகிற வருகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பெண் என்ன உடுத்தியிருக்கிறாள், ஒரு குழந்தை எதற்கு அழுகிறது, ஒரு ஜோடி ஏன் பேசாமல் நடக்கிறது என்று எனக்கு வர்ணனை வேறு. ஒரு பொருளும் வாங்கவில்லை. காபி விலையைக் கேட்டுவிட்டு அதையும் வேண்டாம் என்றுவிட்டார். கிளம்பும்போது, "என்ன வேணும்னு யாரும் வந்து கேக்கலையே" என்றார். அறுபத்து மூன்று வயதுப் பெண்மணிக்கு அது ஒரு செய்தியாக இருந்தது.

இந்தச் சந்தோஷத்தை "நுகர்வு மயக்கம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் தோழர்கள் எனக்கு உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு டீக்கடை பெஞ்ச் நிரந்தரமாக இருக்கிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். ரங்கநாதன் தெருவில் கைப்பையை மார்போடு அணைத்து, முழங்கையை வெளியே நீட்டி நடந்து பழகிய உடம்புக்கு, யாரும் இடிக்காமல் பத்து நிமிடம் நடப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. கழிப்பறையை இன்னும் சொல்லவில்லை. வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிய நமக்கு, தாழ்ப்பாள் விழுகிற, தண்ணீர் வருகிற, காசு கேட்காத கழிப்பறை என்பது சின்ன விஷயம் இல்லை. அண்ணா சாலைப் பக்கம் வேலையாக வரும்போதெல்லாம் அதற்காக மட்டுமே மாலுக்குள் நுழைந்து வெளியேறும் பெண்கள் எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தி.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி 2011இல் ‘வொய் லாய்ட்டர்?’ என்ற நூலை எழுதினார்கள். பொதுவெளியில் இருக்கும் பெண் தான் அங்கே இருப்பதற்கு ஒரு காரணத்தை எப்போதும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் சுற்றும் உரிமை கிடைக்காதவரை அவள் அந்த நகரத்தின் முழுக் குடிமகள் ஆவதில்லை என்பது அவர்களுடைய வாதம். மால் இங்கேதான் சாமர்த்தியம் காட்டுகிறது. அந்தக் காரணத்தை அதுவே நமக்குத் தந்துவிடுகிறது. ஷாப்பிங் போகிறேன் என்றால் வீட்டில் மறுகேள்வி இல்லை. உள்ளே போனபின் வாங்காமல் சுற்றலாம். ஆனால் வாங்கக்கூடியவளைப் போலத் தெரிய வேண்டும். நல்ல சேலையோடு வந்த என் அம்மாவை யாரும் கேட்கவில்லை. கசங்கிய நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு எதிர்ச் சாரியில் பூ விற்கிற அம்மா உள்ளே வந்து அதே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால்? ஒரு திருநங்கைத் தோழி சொன்னார்: வாசல் சோதனையில் ஆண்கள் வரிசையா, திரை போட்ட பெண்கள் கூண்டா என்று காவலர்கள் பேசி முடிவெடுப்பதற்குள் பின்னால் நிற்கும் மொத்தக் கூட்டமும் தன்னைப் பார்த்து முடித்துவிடுகிறதாம். அவர் மாலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

இது புதிய ஏற்பாடும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் ‘போன் மார்ஷே’ என்ற பெரிய கடை, வாடிக்கையாளர்களுக்கு வாசிப்பறை வைத்திருந்தது. லண்டனில் 1909இல் திறந்த செல்ஃப்ரிட்ஜஸ், பெண்கள் ஓய்வெடுக்கவும் கடிதம் எழுதவும் அறைகள் ஒதுக்கியது. துணையில்லாமல் வெளியே வரும் நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு, அவப்பெயர் வராமல் நாள் முழுக்க இருக்க ஓர் இடம் கிடைத்தது. அது விடுதலையின் ஒரு துண்டுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அதே காலத்தில், 1899இல், பிரிட்டனில் இன்னொரு சட்டமும் போட வேண்டியிருந்தது: கடைகளில் மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று. சட்டம் போட்டுத்தான் நாற்காலி வர வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள்?

எப்படி என்பதை நம் ஊர்க் கடைகளிலேயே பார்க்கலாம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் அருகிலிருந்த துணிக்கடைக்குள் போனேன். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றொரு காலின் மேல் வைத்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றினாள். உட்கார நாற்காலி தரவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். "இருக்குக்கா, சட்டம் வந்ததும் போட்டாங்க. அதுல துணி அடுக்கி வெச்சிருக்கோம்" என்று சிரித்தாள். காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு கடை மூடும்வரை, சாப்பாட்டு நேரம் தவிர. கஸ்டமர் இல்லாதபோது உட்காரலாமே என்றேன். கண்ணாலேயே கேமராவைக் காட்டினாள்.

அவள் சொன்ன சட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். பிறகு கோரிக்கை உட்காரும் உரிமைக்கு வளர்ந்தது. திருச்சூரில் 2014 இறுதியில் ஒரு பெரிய புடவைக் கடையின் பெண் ஊழியர்கள் தொடங்கிய ‘இருப்புப் போராட்டம்’ நூறு நாட்களைத் தாண்டியது. கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் தன் 1947ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. இருக்கை இருக்க வேண்டும் என்பதை எழுதிவிட்டார்கள். உட்கார்ந்தவளை முறைக்கக் கூடாது என்பதை எந்தப் பிரிவில் எழுதுவது?

ஆக, ஒரே கூரையின் கீழ் பெண்கள் இரண்டு வகையாக இருக்கிறோம். சும்மா உட்கார வந்தவர்கள். வேலையே இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டியவர்கள். என் அம்மா பெஞ்சில் அனுபவித்த நிம்மதிக்கும் அந்தப் பெண்ணின் காலுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மா அவளை நிற்கச் சொல்லவில்லையே. ஆனால் அந்த நிம்மதி எதனால் ஆனது என்று பிரித்துப் பாருங்கள். பளபளக்கும் தரை, நாற்றமில்லாத கழிப்பறை, கேட்காமலே ஓடிவரும் உதவி, வாசலில் பையைத் திறந்து பார்க்கும் பாதுகாப்பு. எல்லாம் இன்னொரு பெண் நின்றுகொண்டே செய்வது. நிற்பது என்பதே மரியாதையாகக் கணக்கிடப்படுகிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும்வரை நின்று பரிமாறிய பெண்ணைத்தான் மால் சீருடை போட்டு நிறுத்தியிருக்கிறது. அவள் உட்கார்ந்திருந்தால் கடை மதிப்புக் குறைந்துவிடும் என்று முதலாளி மட்டும் நினைப்பதில்லை. வாடிக்கையாளர்களாகிய நமக்கும், நாம் உள்ளே நுழையும்போது எழுந்து நிற்காத ஊழியரைப் பார்த்தால் முகம் லேசாக மாறுகிறது.

அப்படியானால் மாலுக்கே போகக்கூடாதா? அந்த முடிவில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் போகாமல் இருந்தால் அந்தப் பெண் உட்கார்ந்துவிடப் போவதில்லை. கடை மூடினால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும், அங்கே கல்யாணப் பேச்சு காத்திருக்கும். அம்மாவிடமிருந்து அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிடுங்கி யாருக்கும் நியாயம் செய்ய முடியாது. குற்றவுணர்வு இங்கே ஒரு பயனும் தராது. ஆனால் அனுபவிக்கிறவளுக்குக் கேட்கிற கடமை உண்டு என்று நினைக்கிறேன். வாங்குகிறவளின் வாய்க்கு அங்கே இருக்கும் மதிப்பு விற்கிறவளின் வாய்க்கு இல்லை.

ஒருமுறை கேட்டும் பார்த்தேன். வேறொரு கடையில், பில் போட்டபின், "உங்க ஸ்டாஃப் உட்கார நாற்காலி எங்கே?" என்றேன். மேலாளர் பதறிப்போய், "மேடமுக்கு ஒரு சேர் கொண்டாம்மா" என்றார். நின்றிருந்த பெண்ணே ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். எனக்கில்லை, அவருக்கு என்று நான் விளக்கியதை அவர் ஏதோ நகைச்சுவை போலக் கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் என்னை நன்றியோடு பார்க்கவில்லை. சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்பது போலத்தான் பார்த்தாள். அதுவும் நியாயம்தான். நான் போனபிறகு அங்கே இருக்கப் போகிறவள் அவள். தனி ஒருத்தியின் கேள்வி அவளுக்குத் தொல்லையாக முடியலாம். ஐம்பது பேர் கேட்டால் அது வேறு.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசில்லாமல் நகரின் எந்த மூலைக்கும் போகலாம் என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் பேருந்துகளின் உள்ளே பார்த்தால் தெரியும். போய் இறங்கிய இடத்தில் உட்காருவது எங்கே என்பதற்குத்தான் இன்னும் பதிலில்லை. தி. நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். பெஞ்சுகள் போட்டார்கள். பில் இல்லை, சோதனை இல்லை. அந்த நடைபாதையில் கடை போட்டிருந்தவர்கள் 2013லேயே மாநகராட்சி வணிக வளாகத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படி இருந்தும் எனக்கு அந்த பெஞ்சுகள் பிடிக்கும். மாலையில் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும், தனியாக வந்த பெண்களும் இருப்பார்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் கடைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது போனால், சீருடைப் பெண்கள் நாலைந்து பேராக வந்து உட்காருகிறார்கள். முதலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். பிறகுதான் போனை எடுக்கிறார்கள், பேசுகிறார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒருத்தி சொல்ல, இன்னும் அஞ்சு நிமிஷம் என்கிறாள் இன்னொருத்தி.