வேலியோரத்து மரம் யாருக்காக?

பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் போனாலும் சரி, திருநின்றவூர் தாண்டித் திருவள்ளூர்ப் பக்கம் போனாலும் சரி, புதிதாக நிலம் வாங்கியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சீக்கிரம் வளர்ந்து மறைக்கிற மாதிரி என்ன மரம் வைக்கலாம்?" எதை மறைக்க என்று யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பப் போகிறது. சாலைத் தூசி வரும். துணி காயப் போடும்போது எதிர் பால்கனியில் யாரோ நிற்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போய் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கியவர்கள் கூடவே இன்னொன்றும் கேட்கிறார்கள்: "அப்படியே நாலு குருவி, கிளி வந்தா நல்லாருக்கும்."

இந்த இரண்டு ஆசைகளும் ஒரே மரத்தில் நிறைவேறுமா என்பது தோட்டக்கலைக் கேள்வி போலத் தெரியும். எனக்கு அது அறம் சார்ந்த கேள்வியாகவே படுகிறது.

நர்சரியில் மறைப்பு மரத்தை எப்படி விற்கிறார்கள் என்று கவனித்தால் விஷயம் பிடிபடும். "சார், இது பூச்சியே அண்டாது. ஆடு வாய் வைக்காது. காய், பழம்னு குப்பை போடாது. ரெண்டே வருஷத்துல சுவர் மாதிரி நிக்கும்." கோனோகார்பஸ் இப்படிப்பட்ட சிபாரிசுகளோடுதான் ஊர் ஊராகப் பரவியது. பிறகு மகரந்த ஒவ்வாமை, குழாய்களைச் சேதப்படுத்தும் வேர் என்று புகார்கள் எழுந்தன. 2023-ல் குஜராத்தும் 2025-ல் தமிழ்நாடும் அதை நடத் தடை விதித்தன. தடை வந்தது நல்லதே. ஆனால் தடை ஒரு மரத்துக்குத்தான். அந்த மரத்தைத் தேர்ந்தெடுக்க வைத்த பட்டியல் நம் மனதில் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். பூச்சி அண்டாது என்றால் பூச்சி தின்னும் குருவிக்கு அங்கே வேலை இல்லை. பழம் விழாது என்றால் குயிலுக்கும் வௌவாலுக்கும் சாப்பாடு இல்லை. எந்த வாயும் படாத இலை என்றால் எந்தப் புழுவும் அங்கே வண்ணத்துப்பூச்சி ஆகப்போவதில்லை. எந்தக் குணங்களுக்காக ஒரு மரத்தைச் 'சுத்தமான மரம்' என்கிறோமோ, அதே குணங்கள்தான் மற்ற உயிர்களுக்கு அதைச் சிமெண்ட் சுவராக ஆக்குகின்றன. என் தொழிலில் ஒரு மென்பொருளை எழுதுவதற்கு முன் ரிக்வயர்மென்ட் எழுதுவோம். பயனாளிகள் யார் என்ற இடத்தில் ஒரே ஒருவரை மட்டும் எழுதிவிட்டால், மற்றவர்களை விரட்ட வேண்டும் என்று யாரும் நினைக்காமலேயே அவர்கள் வெளியே போய்விடுவார்கள். நர்சரிப் பட்டியலிலும் கெட்ட எண்ணம் கிடையாது. அதில் ஒரு பயனாளியின் பெயர்தான் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் 'இலை உதிராத மரம்' என்ற சொல் வேறு குழப்புகிறது. பசுமைமாறா மரமும் இலை உதிர்க்கும். ஒரே பருவத்தில் மொத்தமாகக் கொட்டாமல் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கிறது என்பதே வித்தியாசம். உண்மையிலேயே எதுவும் உதிராத மரம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில்தான் வாங்க வேண்டும்.

வெளியூர் மரத்தைத் தேடிப் போக நம் மண்ணுக்கு அவசியமும் இல்லை. சோழமண்டலக் கரையோரத்துக்கென்றே ஒரு காட்டுவகை உண்டு: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. 1968-ல் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதைத் தனி வகையாகவே வைத்தார்கள். பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் நீண்ட வறட்சி. அப்படியும் இந்த மரங்கள் தடித்த சிறு இலைகளோடு பச்சையாகவே நிற்கின்றன. வீரை, உலக்கைப்பாலை, காயா, குருந்து, மகிழம், நாவல் எல்லாம் இந்தக் கூட்டத்தில் பார்க்கக்கூடியவை. இன்று இவற்றின் மிச்சங்களைப் பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் பார்க்கிறோம். அடர்த்தியாக வளரும், மறைக்கும், பறவைக்குப் பழமும் கொடுக்கும். ஒரே குறை, அவசரப்படாது. வீரையும் பாலையும் நம் வீட்டுக்கடன் முடியும் வேகத்தில்தான் வளரும்.

நெட்டிலிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈட்டி போல ஒல்லியாக நிற்கும் ரகத்தைத்தான் நாம் மதிலோரம் வரிசையாக வைக்கிறோம். அதே இனத்தின் இயல்பான வடிவம் கிளை பரப்பி நிழல் தருவது. அதன் பழத்துக்குக் குயிலும் வௌவாலும் வரும். பச்சைப் புள்ளிச் சிறகுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அதன் இலையைத் தின்றே வளர்கின்றன. இலையில் ஓட்டை விழுந்ததும் நாம் மருந்து தேடி ஓடுகிறோம். "பறவை வரணும்" என்று சொன்னவரும் நாம்தான்.

சரி, உயிர்கள் வரும் மரத்தையே வைத்துவிடுவோம் என்று முடிவெடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் கடினமான பகுதி தொடங்குகிறது. நாவலை எல்லைக் கோட்டில் வைக்கிறேன். பாதிப் பழம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் விழுந்து கறையாகிறது. வௌவால் எச்சம் அவர் கார் மேல். இலை அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாயை அடைக்கிறது. புதர் அடர்ந்தால் பாம்பு வரும் என்று அவர் வீட்டுப் பாட்டி பயப்படுகிறார். அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க எனக்கு உரிமை இல்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைக் கொண்டாடுகிறோம். அந்தத் தேர் பாரியுடையது என்பதை மறந்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுத் தேரை அவிழ்த்துக் கொடியருகே நிறுத்தியிருந்தால் அதற்குப் பெயர் வள்ளல்தன்மை அல்ல. உயிர்நேயத்தின் செலவை அடுத்தவர் கணக்கில் எழுதுவது, உயிரே வேண்டாம் என்று சுவர் எழுப்புவதைவிட எவ்வளவு மேல்?

இதற்கு வேடந்தாங்கலில் ஒரு விடை இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் 1798-லேயே அன்றைய கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமைச் சீட்டு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. அதற்கு ஈடாகச் சத்தத்தையும் வேட்டையையும் விட்டுக்கொடுத்தார்கள். பட்டாசு வெடிக்காத தீபாவளி அங்கே வழக்கமானது. தொல்லையையும் பலனையும் ஊரே சேர்ந்து பங்கிட்டுக்கொண்டது. ஒருவர் முடிவெடுத்து மற்றவர் தலையில் கட்டியதல்ல. மனைக்கு மனை மதில் எழுப்பும் நமக்கு அந்த ஊர்க்கூட்டம் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி "இந்த இடத்துல நாவல் வைக்கலாம்னு இருக்கேன், உங்களுக்குத் தொந்தரவா?" என்று கேட்கலாம். யாரை மறைக்க மரம் நடுகிறோமோ அவரிடமே முதலில் பேச வேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆனால் மறைப்பு நேர்மையானதாக இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மறைத்துக்கொள்ள நினைப்பதில் தவறு எதுவும் இல்லை. தனிமை மனிதருக்குத் தேவை. கூடு கட்டும் பறவையும் மறைவைத்தான் தேடுகிறது. ஆனால் மரம் வெறும் திரை அல்ல. நற்றிணையில் ஒரு தலைவி, புன்னை மரத்தைத் தன் சகோதரியாகக் கருதி அதன் முன்னால் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். புன்னையும் நம் கரையின் பசுமைமாறா மரம்தான். பிறர் பார்வையைத் தடுக்க நாம் நடும் மரத்துக்கே ஒரு பார்வை உண்டு என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

நடைமுறையில் நான் நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். எல்லையிலிருந்து சில அடி உள்ளே தள்ளி நடுங்கள், கொட்டுவது உங்கள் மண்ணிலேயே கொட்டட்டும். ஒரே மரத்தை வரிசையாக வைக்காமல் கலந்து வையுங்கள். முதல் சில வருஷங்களுக்கு மருதாணி, நொச்சி, ஆடாதொடை மறைக்கட்டும். அவற்றின் பின்னால் மகிழமும் நாவலும் குருந்தும் மெல்ல எழும்பட்டும். தெருவோரமாக ஒரு வீரை.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பூங்கா வந்ததும் ஆவடி மாநகராட்சி ஆனதும் ஒரே ஆண்டில்தான், 2019-ல். இனி இங்கே மனைகள் கூடும், மதில்கள் உயரும். ஏரியில் இருக்கும் நாமக்கோழிக்கு நம் மரம் தேவையில்லை. ஆனால் கரையைத் தாண்டி வரும் குயிலும் கொண்டைக்குருவியும் இறங்க ஒரு கிளை வேண்டும். பதினைந்து வருஷம் கழித்து அந்த நிலம் யார் பெயரில் இருக்கும் என்று தெரியாமல்தான் ஒருவர் வீரைக் கன்றை நட வேண்டியிருக்கிறது. தனக்கு மறைப்பாக வளராமல் போனாலும் அதை நடுவாரா என்பதே கேள்வி.