வழுக்கி விழுந்தவள்

சாரல் சீசனில் தென்காசிப் பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவில் அதிகம் காதில் விழும் சொல் ‘வழுக்கிட்டு’. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் பாசிப் பாறையில் வழுக்கிய கைகளும் இடுப்புகளும் வந்துகொண்டே இருக்கும். யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அந்தச் சொல்லுக்குள் வேறொன்றையும் ஒளித்துக் கொண்டுவரலாம் என்பது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின.

நான் விபத்துக்காய அறுவை மருத்துவர். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பொது அறுவையில் எம்.எஸ். மூன்று, அதன்மேல் டிராமா சர்ஜரி அண்ட் கிரிட்டிகல் கேர் எம்.சி.எச். மூன்று. இத்தனைக்கும் பிறகு நோயாளியின் அண்ணன் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “சர்ஜன் எப்ப வருவாரு சிஸ்டர்?” என்பார். 1968-லேயே சென்னையில் டி.எஸ். கனகா நரம்பியல் அறுவையில் எம்.சி.எச். முடித்துவிட்டார், அந்த அண்ணனுக்குத் தகவல் இன்னும் போய்ச்சேரவில்லை.

இந்தப் படிப்பு முதலில் பழக்குவது ஒரு வரிசையை: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். கதை பிறகு. 1976-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவரின் சிறு விமானம் விழுந்து அவர் மனைவி இறந்தார். காயம்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சை அவரைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோபத்திலிருந்துதான் இந்தப் பயிற்சி பிறந்தது. வாயைவிட உடம்பை நம்பு என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். நினைவில்லாதவரிடம் அது சரி.

ஒரு ஜூலை மாலை இடது கையைத் தாங்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கேட்டது அவளிடம், பதில் மாமியாரிடமிருந்து வந்தது. “அருவிக்குப் போனோம் டாக்டரம்மா, பாறைல வழுக்கிட்டா.”

கையூன்றி விழுந்தால் பெரும்பாலும் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் உடையும். இவளுக்கு உடைந்திருந்தது அல்னா எலும்பின் நடுப்பகுதி. முகத்துக்கு வரும் அடியை முன்கை உயர்த்தித் தடுக்கும்போது உடைகிற இடம். புத்தகத்தில் அதற்கு ‘நைட்ஸ்டிக்’ முறிவு என்று பெயர், போலீஸ்காரரின் தடி. பெயர் வைத்தவருக்கு வீட்டு விறகுக்கட்டை ஞாபகம் வரவில்லை போலும். பாறை விளிம்பில் நேராக மோதினாலும் அப்படி உடையலாம்தான். ஆனால் நெஞ்சு எக்ஸ்ரேயில் இரண்டு விலா எலும்புகளில் பழைய முறிவு ஒட்டிக்கொண்டிருந்தது. அருவிக்குப் போனவளின் தலையில் எண்ணெய் கலையவே இல்லை.

மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். “வழுக்கித்தான் விழுந்தேன்” என்றாள்.

ஏ.ஆர். புத்தகத்தில் என்ன எழுதுவது? அவள் சொன்னதை மட்டும் எழுதினால், அவள் வாயில் யாரோ வைத்த சொல்லுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். நான் நினைப்பதை எழுதினால் தகவல் காவல் நிலையத்துக்குப் போகும். அன்றிரவு அந்த வீட்டில் படுக்கப்போவது நானல்ல. உண்மையை எழுதுவது என் கடமை என்று சொல்லிக்கொள்ளலாம், விலையைக் கொடுப்பவள் அவளாக இருக்கும்போது. இன்னொன்றும் உறுத்தியது. அவளுக்குப் பதிலாக மாமியார் பேசினார். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி நானும் அதையேதான் செய்யப்போகிறேனா?

2005-இன் குடும்ப வன்முறைச் சட்டம், 7-ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவள் கேட்டால் மருத்துவமனை சிகிச்சை தர வேண்டும் என்கிறது. கேட்டால். அவள் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்பார்கள் தோழிகள். நானும் அப்படிப் பேசுகிறவள்தான். ஆனால் பயத்தை விருப்பம் என்று படிப்பதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

கடைசியில், அவள் சொன்னதை அவள் சொன்னதாகவே எழுதினேன். அதன் கீழே எந்த எலும்பு, எந்த இடம், விலாவில் பழைய முறிவு, கன்றிப்போன இடங்களின் அளவு, நிறம். காரணம் எழுதவில்லை. கோழைத்தனமா என்றால், பாதி அதுதான். என்றைக்காவது அவளே கேட்டு வரும்போது அந்தப் பக்கம் அவளுக்காக இருக்க வேண்டும் என்பது மீதி. எல்லோரிடமும் சொல்வதுபோல 181 என்ற எண்ணையும் சொன்னேன். அவளிடம் போன் இல்லை.

மாவுக்கட்டு போடும்போது, “அந்த நோட்டை எத்தன வருசம் வச்சிருப்பிய?” என்றாள்.

வருடக்கணக்காக இருக்கும், நம்பரைச் சொன்னால் நகல் கேட்கலாம் என்றேன்.

நம்பரைச் சொல்லச் சொன்னாள். மாமியார் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை அதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.