நயமும் துர்நயமும்

சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டையின் நெல்வயல்களுக்கு முல்லைப் பெரியாறு அணை வாழ்வாதாரம். மலைக்கு அப்பால் இடுக்கி மக்களுக்கோ அது உடையுமோ என்னும் உயிரச்சம். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்த பின்னரும் இவ்விரு பார்வைகளில் எதுவும் அசையவில்லை. உண்மை பல பக்கங்கள் உடையது என்னும் சமணரின் அநேகாந்தவாதம் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்நியமானதன்று. உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வட்டெழுத்துகளுடன் இன்றும் காணக்கிடைக்கின்றன. அக்கொள்கை ஒருபக்கப் பார்வையை இழிவெனத் தள்ளாமல் அதற்கு 'நயம்' என்று பெயரிடுகிறது. பிற பக்கங்களே இல்லையென்று அது சாதிக்கும்போதுதான் 'துர்நயம்', அதாவது பிழைபட்ட பார்வை, ஆகிறது.

அயலுறவு பற்றி எழுதும் பத்திரிகையாளர் தம் நாட்டின் நலனை முன்வைத்தே எழுதினால் அது இவ்விரண்டில் எதுவாகும்? 1929இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, தில்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, ஓய்வுக்குப் பின் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' உள்ளிட்ட நாளிதழ்களில் ஆலோசனை ஆசிரியராகவும் பத்தியாளராகவும் விளங்கிய கே. சுப்ரமணியத்தின் எழுத்தில் இக்கேள்வி கூர்மையடைகிறது. 1967 ஜனவரி 1க்கு முன் அணுகுண்டை வெடிக்கச் செய்த நாடுகளை மட்டுமே அணு ஆயுத நாடுகளாக ஏற்கும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை அவர் விடாமல் எதிர்த்தார். ஐந்து வல்லரசுகள் தம் நயத்தையே உலக அமைதியின் முழு உண்மையாக நிறுவியதை அவர் வெளிப்படுத்தினார் என்று சமண மொழியில் இதைக் கூறலாம்.

ஆனால் 1971 மார்ச் இறுதியில், கிழக்குப் பாகிஸ்தானில் படுகொலைகள் தொடங்கிய சில நாட்களுக்குள், பாகிஸ்தான் பிளவுபடுவது இந்தியாவுக்கு நன்மை என்றும் அத்தகைய வாய்ப்பு மீண்டும் வராது என்றும் அவர் கூறியது வேறு வகை. கணிப்பு பொய்க்கவில்லை; எனினும் மாண்டவர்களின் பக்கம் அக்கூற்றில் இடம்பெறவே இல்லை, அந்த அளவில் அது துர்நயத்தின் எல்லையைத் தொட்டது.

1999இல் தமக்கு அளிக்கப்பட்ட பத்ம பூஷண் விருதை, அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசின் விருதுகளை ஏற்கலாகாது என்று கூறி அவர் மறுத்தார். அதே ஆண்டில் கார்கில் போரைப் பற்றி ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்க இசைந்தார். இதில் முரண் காண்பவர் உண்டு. பரிசு பார்ப்பவனின் பற்றை வளர்த்து ஒருபக்கப் பார்வைக்கு இழுக்கிறது, ஆய்வுப் பணியோ அரசின் தவறுகளையும் எழுதிவைக்கும் கடமையைச் சுமத்துகிறது என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பொருந்தாது.